கண்ணாடிப் பெட்டி வேண்டாம்

மாதம் ஒரு முறையாவது அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வெளிர் பழுப்பில் ஒரு பெட்டி, கறுப்பு விசைகள், மேல் வரிசையில் மட்டும் சிவப்பு விசைகள், பக்கத்தில் ஒரு பிளாப்பி. "இது என்னவென்று தெரிந்தவர்கள் மட்டும் கை தூக்கவும்" என்று கீழே ஒரு வரி. உடனே பத்திருபது கைகள் எழும். பிறகு ஒருவர் ஆரம்பிப்பார்: "அந்த 32 கேபியிலேயே நாங்க என்னென்ன சாதிச்சோம்! இப்போ பசங்க கையில 8 ஜிபி. பார்க்கிறது ரீல்ஸ்." இன்னொருவர், அதைவிடச் சின்னக் கம்ப்யூட்டரை வைத்து நிலவுக்கே போனார்கள் என்பார். மூன்றாமவர், இந்தத் தலைமுறைக்குப் பொறுமையே கிடையாது என்று தீர்ப்பு எழுதி முடிப்பார்.

எனக்கும் அந்தப் பெட்டியைத் தெரியும். நன்றாகவே தெரியும். அரசு கொடுத்த பி.பி.சி. மைக்ரோவுக்கு எங்கள் பள்ளியில் பொறுப்பாசிரியராக இருந்தவன் நான். பாடம் பௌதிகம், கூடுதல் வேலை கம்ப்யூட்டர். அதனால்தான் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "நாங்க சாதிச்சோம்" என்கிறார்களே, அந்த "நாங்க" யார்?

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் மக்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்க நினைத்தது. தொடரோடு சேர்த்து விற்க ஓர் எந்திரம் வேண்டும். கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சிறிய கம்பெனிக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. 1981 டிசம்பரில் எந்திரம் வந்தது, 1982 ஜனவரியில் தொடர். உள்ளே 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 சிப், 32 கேபி நினைவகம். நல்ல வண்ணப்படம் திரையில் வேண்டுமென்றால் அந்த 32-இல் 20 கேபியைத் திரையே விழுங்கிவிடும். மிச்சத்தில்தான் நாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

1984-85-இல் மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து "கிளாஸ்" என்ற திட்டத்தை ஆரம்பித்தன. பள்ளிகளில் கணினி அறிவு, கணினி வழிப் படிப்பு என்ற பொருள் வரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. முதல் சுற்றில் 250 பள்ளிகள். இந்தியா முழுவதற்கும் சேர்த்து 250! தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பிறகு எண்ணிக்கை கூடியது. கூடிய பிறகுதான் எங்கள் ஊருக்கும் வந்தது.

வந்தவை இரண்டு எந்திரங்கள். பள்ளியில் பிள்ளைகள் சுமார் 1,100 பேர். இரண்டை 1,100-க்கு எப்படிப் பங்கிடுவது? அப்போதைய தலைமை ஆசிரியர் சுலபமாக முடித்துவிட்டார். காலாண்டுத் தேர்வில் கணக்கில் அதிக மார்க் வாங்கிய முப்பது பேர். எந்திரத்துக்கு மூன்று பேராக, மாலை 4 மணி முதல் 5.15 வரை, ஒரு நாளைக்கு ஆறு பேர், வாரத்தில் ஐந்து நாள். 75 நிமிடத்தை மூன்றால் வகுத்துப் பாருங்கள். ஒரு பையன் வாரத்துக்கு 25 நிமிடம் விசைகளைத் தொடுவான். அதிலும் கரண்ட் போனால் அந்த வாரம் அவ்வளவுதான். அந்த முப்பதில் பெண் பிள்ளைகள் நாலு பேர். ஐந்தேகால் மணிக்குப் பிறகு பஸ் கிடையாது என்று அவர்களில் இரண்டு பேரும் நின்றுபோனார்கள்.

அறைக்கு ஏசி, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், எந்திரத்தின் மேல் தைத்த துணி உறை, வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம். கர்ப்பக்கிரகம் மாதிரிதான் இருந்தது. கர்ப்பக்கிரகம் என்றால் உள்ளே போகக் கூடாதவர்கள் என்று ஒரு கூட்டம் வெளியே நிற்கும் அல்லவா? நின்றது. ஜன்னல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு, முப்பதில் சேராத பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் நின்றான். திரையில் தெரியும் வரிகளை நோட்டில் எழுதிக்கொள்வான். 10, 20, 30 என்று வரிசை எண் போட்ட பேசிக் நிரல். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து, எக்ஸின் மதிப்பு இப்போது எவ்வளவு, அடுத்த சுற்றில் எவ்வளவு என்று பென்சிலால் ஓட்டிப் பார்ப்பான். கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் கற்றவன் அவன். இன்று கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் சி.என்.சி. எந்திரத்துக்கு நிரல் எழுதுகிறான் என்று கேள்வி. எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அவன் இல்லை. கை தூக்குகிறவர்கள் எல்லாரும் அறைக்குள் இருந்த முப்பதில் வந்தவர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்தக் காலம் பொற்காலமா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

நிலவுக் கதைக்கும் இதே பதில்தான். அப்போலோ கம்ப்யூட்டரின் நினைவகம் சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். அதன் நிரந்தர நினைவகத்தைக் கம்பியும் காந்த வளையமுமாகக் கையால் பின்னியவர்கள் தொழிற்சாலைப் பெண்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சின்ன எந்திரத்துக்குப் பின்னால் பெரிய கூட்டம் இருந்தது. ஃபார்வர்டு மெசேஜில் எந்திரம் மட்டும்தான் வருகிறது.

சரி, பொறுமை. கேசட்டிலிருந்து ஒரு நிரலை ஏற்ற நிமிடக்கணக்கில் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அது பொறுமை என்கிறார்கள். அதற்குப் பெயர் வேறு வழியில்லாமை. பாதியில் நின்றால் டேப்பைத் திருப்பிச் சுற்றி மறுபடியும் முதலிலிருந்து. ரேஷன் கடை வரிசையில் நின்றதையும் பொறுமை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோமா? என் பேத்தி ஒரு நிமிட வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டைப் பொருத்தி, எழுத்து ஏற்றி, பிடிக்காமல் அழித்து மறுபடியும் செய்கிறாள். சனிக்கிழமை முழுவதும் போகிறது. கண்ணெதிரே நடக்கிற பொறுமையை நாம் பொறுமை என்று எண்ணுவதில்லை. இத்தனைக்கும் பென்ஷன் இணையதளத்தில் பாஸ்வேர்டு மறந்தால் நாம் கூப்பிடுவது அந்தப் பேத்தியைத்தான். "தாத்தா, போன தடவையே எழுதி வச்சுக்கச் சொன்னேனே" என்று அலுத்துக்கொண்டே வந்து செய்து கொடுப்பாள்.

இன்னொரு வேடிக்கை. பி.பி.சி. மைக்ரோவுக்கு பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சனும், வன்பொருளை அமைத்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்து பின்னால் ஒரு புது சிப்பை உருவாக்கினார்கள். அதுதான் ஏ.ஆர்.எம். 1985 ஏப்ரலில் வந்த முதல் சிப்பை ஒரு பி.பி.சி. மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். இன்று உலகத்தில் ஏறக்குறைய எல்லா செல்போனும் அந்த வம்சம். ஆக, நம்மவர்கள் ஒரு கையால் பாட்டனைக் கும்பிட்டுவிட்டு மறு கையால் பேரனை அடிக்கிறார்கள். அதையும் அந்தப் பேரனிலேயே டைப் அடித்து அனுப்புகிறார்கள்!

இலவசத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது நம் வயதுக்காரர்கள் எவ்வளவு கேலி பேசினோம்? சினிமா பார்ப்பான், விற்றுவிடுவான், கெட்டுப்போவான் என்றோம். எங்கள் பள்ளிக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ மட்டும் நாம் சீட்டுக் கட்டி வாங்கியதா? அதுவும் அரசு கொடுத்ததுதான். முப்பது பேருக்குக் கிடைத்தால் திட்டம், எல்லாருக்கும் கிடைத்தால் இலவசம். இது என்ன நியாயம்?

இவ்வளவு சொன்னதால் அந்த எந்திரத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இருந்தது. சுவிட்சைப் போட்டால் "பூ-பீப்" என்று இரண்டு சுருதியில் ஒரு சத்தம். அடுத்த விநாடி திரையில் கம்ப்யூட்டரின் பெயர், பேசிக் என்ற சொல், பிறகு ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். படம் இல்லை, விளம்பரம் இல்லை, "இதைப் பார், அதை வாங்கு" இல்லை. சொல், செய்கிறேன் என்று காத்துக்கொண்டிருக்கும். பிரேக் விசையைத் தெரியாமல் தட்டி நிரல் போய்விட்டால் "ஓல்டு" என்று அடித்தால் திரும்ப வரும். தப்பாக எழுதினால் "மிஸ்டேக்" என்று ஒரே சொல்லில் சொல்லும். எங்கள் பிள்ளைகள் அதைக் கண்டிப்பான வாத்தியார் என்றார்கள். கூடவே வந்த சுருள்கம்பி போட்ட தடிப் புத்தகத்தில், எந்திர மொழி வரைக்கும் எல்லாம் விளக்கியிருந்தது. மூடி மறைக்கவில்லை.

எனக்குப் பிடித்தது அதில் ஒரு கட்டளை. வி.டி.யு. 23. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நாமே ஓர் எழுத்தை வரைந்து எந்திரத்துக்குச் சொல்லலாம். எட்டு வரிசைக்கு எட்டு எண். இடது ஓரக் கட்டத்துக்கு 128, அடுத்தது 64, 32 என்று பாதிபாதியாகக் குறைந்து வலது ஓரம் 1. ஒரு நாள் பிள்ளைகள் கேட்டார்கள், "சார், இதுல தமிழ் வருமா?" கிராஃப் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் "ட". இடது ஓரத்தில் நெடுகக் கோடு, கீழே ஒரு படுக்கைக் கோடு. ஆக ஏழு தடவை 128, கடைசியில் 255. அடித்துப் பார்த்தால் திரையில் "ட" நிற்கிறது! அடுத்து "ப". இரண்டு ஓரமும் வேண்டும், 128-உம் 1-உம் 129. ஏழு 129, ஒரு 255. அதுவும் வந்தது. அப்புறம் "ம". அங்கேதான் சண்டை. சுழி வளைவு எட்டுக் கட்டத்துக்குள் அடங்கவில்லை, மேலே புள்ளிக்கும் இடம் வேண்டும். மூன்று நாள் மாலை அடித்துத் திருத்தி, வெள்ளிக்கிழமை "பட்டம்" என்ற சொல் திரையில் வந்தது. "ண"-வுக்கு இரண்டு கட்டம் ஒதுக்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். இரும எண் முறையைக் கரும்பலகையில் இரண்டு வாரம் சொல்லியும் ஏறாத தலைகளில் அந்த வாரம் ஏறியது.

எட்டு ஜிபி என்பது 32 கேபியைப் போல இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல். அந்த எட்டு ஜிபியில் "பட்டம்" என்று எழுத எந்த யோசனையும் வேண்டாம். அது நல்லதுதான். தமிழில் எழுத மூன்று நாள் ஆக வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிற பிள்ளைக்கு ஒரு கதவு திறந்திருந்ததே, அதைத்தான் காப்பாற்றியிருக்க வேண்டும். கதவைக் காப்பாற்றாமல் பெட்டியைக் காப்பாற்றுகிறோம்.

இங்கிலாந்தில் இதே ஏக்கம் வேறு மாதிரி போனது. பல்கலைக்கழகத்துக்குக் கணினி படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முன்பு போல நிரல் எழுதத் தெரியவில்லையே என்று கேம்பிரிட்ஜில் எபன் அப்டன் என்பவருக்குக் கவலை வந்தது. அவரும் நண்பர்களும் புலம்பிவிட்டுப் போகவில்லை. ராஸ்பெர்ரி பை என்ற பலகையைச் செய்து 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு விட்டார்கள். மாடல் ஏ, மாடல் பி என்ற பெயரே பி.பி.சி. மைக்ரோவின் நினைவாக வைத்ததுதான். பி.பி.சி.யும் 2016-இல் மைக்ரோபிட் என்ற சின்னப் பலகையை ஒரு வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும், ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, சும்மா கொடுத்தது. பழைய நினைப்பு என்றால் இப்படி ஏதாவது பிறக்க வேண்டும். நமக்கு என்ன பிறந்தது? கை தூக்கும் பொம்மை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பழைய மாணவர் குழு பள்ளியின் விழாவுக்காகப் பணம் சேர்க்கிறது. பௌதிக ஆய்வகத்தின் பின் அறையில், கண்டம் செய்த சாமான்களுக்கு நடுவில் ஒரு பி.பி.சி. மைக்ரோ இன்னும் கிடக்கிறது. அதைத் துடைத்து, தேக்குச் சட்டமும் விளக்கும் வைத்த கண்ணாடிப் பெட்டியில் போட்டு, நுழைவாயிலில் நிறுத்தி, கீழே நன்கொடையாளர்கள் பெயரைப் பித்தளையில் பொறிப்பது என்று முடிவாம். ஆசாரி 38,000 ரூபாய் கேட்டிருக்கிறார். எனக்கும் அழைப்பு வந்தது. "நீங்கதான் சார் திறந்து வைக்கணும்" என்றார் செயலாளர். என்னிடம் படித்த பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார்.

அன்றைக்கே மாடிக்குப் போய் இன்றைய கம்ப்யூட்டர் அறையைப் பார்த்தேன். பத்து எந்திரங்கள். யு.பி.எஸ். பேட்டரிகள் செத்து எட்டு மாதம் ஆகிறதாம். கரண்ட் ஏறி இறங்குகிறது, எந்திரம் கெட்டால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்று அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். இருப்புப் பதிவேட்டு பயம் எனக்கும் பழகினதுதான். பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது, தமிழ் வழியிலும் இருக்கிறது. பிள்ளைகள் அதை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். அன்று மரத்தடியில் ஒருவன் செய்ததை இன்று வகுப்பே செய்கிறது. அவனுக்காவது ஜன்னல் வழியாகத் திரை தெரிந்தது.

கீழே 38,000 ரூபாய்க்கு ஒரு செத்த கம்ப்யூட்டருக்குக் கண்ணாடி மாளிகை. மேலே உயிரோடு இருக்கிற பத்துக்குப் பேட்டரி இல்லை. நான் எதைத் திறந்து வைக்கட்டும்?

செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர், "சார், சென்டிமென்ட்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது. அதனால்தான் அந்த எந்திரத்தைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டாம் என்கிறேன். ஏற்கெனவே ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேரை நிறுத்தியாயிற்று. மறுபடியும் ஒரு கண்ணாடியா? பணத்தில் முதலில் பேட்டரி வாங்குங்கள். மிச்சத்தில் அந்த மைக்ரோவைப் பழுது பார்த்து, மாடி அறையில் மற்ற பத்தோடு பதினொன்றாக மேசையில் வையுங்கள். உறை வேண்டாம், குங்குமம் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை வந்து விசையைத் தட்டட்டும், உடைத்தாலும் உடைக்கட்டும். வி.டி.யு. 23 சொல்லிக்கொடுக்க நான் வாரம் இரண்டு நாள் வருகிறேன், சம்பளம் வேண்டாம், மாடிப்படி ஏற ஒரு கைப்பிடி போதும். பெயர்ப் பலகை போட்டே ஆக வேண்டுமென்றால் யு.பி.எஸ். மேல் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் பள்ளியில் கூட்டம். குழுவில் இருக்கிறவர்கள் வந்து கையைத் தூக்குங்கள், பொம்மைக் கையை அல்ல.

ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை. பெட்டியை வெளியே எடுத்ததும் ஆர்வத்தில் யாரும் பிளக்கைச் செருகிவிட வேண்டாம். அதன் பவர் சப்ளையில் மின்சாரம் நுழைகிற இடத்தில் காகித வகை கெபாசிட்டர்கள் இருக்கின்றன. வயதானால் மேல்தோல் வெடித்து ஈரம் இறங்கிவிடும். கரண்ட் கொடுத்தால் பட்டென்று புகைந்து அறையே நாறிப்போகும். விலை அதிகம் இல்லை, நல்ல ரேடியோ மெக்கானிக் அரை மணியில் மாற்றிவிடுவார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் இன்னும் கடை வைத்திருக்கிறார், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.